சின்ன டெரஸ் வீட்டில் இன்னொரு படுக்கையறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கம் வரிசை வரிசையாக நிற்கும் நூறு வருடத்து டெரஸ் வீடுகளை மனதில் வைத்து எழுதியது இது. இரண்டு பக்கமும் அயல்வீட்டோடு பொதுச்சுவர். கீழே முன் அறை, நடு அறை, பின்கட்டில் சமையலறை. மேலே இரண்டு அறையும், பின்கட்டுக்கு மேல் ஒரு குளியலறையும். பிள்ளைகள் வளர்கிறார்கள், அல்லது ஊரிலிருந்து அம்மா வருகிறார், இடம் போதவில்லை என்று வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே கொடுத்திருக்கிறோம். விதிகள் எல்லாம் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்து, வேல்ஸ் விதிகள் வேறு.

1. மேல ரெண்டே ரூம் தான். சுவரை வெளியே தள்ளாம மூணாவது ரூம் எங்கேருந்து வரும்?

முதலில் மாடியில் எத்தனை ஜன்னல் என்று எண்ணுங்கள். காற்றுக்கும், தீப்பிடித்தால் வெளியேறவும் படுக்கையறைக்கு ஜன்னல் வேண்டும். குளியலறைக்கு ஜன்னல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, விசிறி போதும். ஆகவே பல வீடுகளில் மூன்றாவது படுக்கையறை ஏற்கெனவே இருக்கிறது. அதன் ஜன்னலடியில் குளியல்தொட்டி கிடக்கிறது, அவ்வளவுதான்.

இடம் வரக்கூடிய வழிகள் நான்கு: இரண்டு ஜன்னலுள்ள அகலமான முன் அறையைப் பிரிப்பது, குளியலறையை வீட்டின் நடுவுக்கு நகர்த்திப் பின் ஜன்னலை மீட்பது, ஓர் அறைக்குள் புகுந்து இன்னோர் அறைக்குப் போகும் அமைப்பைத் திருத்துவது, கீழே இருக்கும் முன் அறையைப் படுக்கையறை ஆக்குவது. கூரைக்குள் ஏறுவதைக் கடைசியாக யோசியுங்கள். செலவு அதிகம், விதிகளும் அதிகம்.

பில்டரைக் கூப்பிடும் முன் கட்டம் போட்ட தாளில் ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. என்ற அளவில் இரண்டு மாடியையும் வரையுங்கள். ஜன்னல், புகைபோக்கி மார்பு (புகைவழிக்காகச் சுவரிலிருந்து அறைக்குள் துருத்தி நிற்கும் செங்கல் பகுதி), மாடிப்படி, கழிவுக்குழாய் இறங்கும் இடம், கதவு திறக்கும் பக்கம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். முடியாத யோசனைகளில் பாதி அந்தத் தாளிலேயே கழிந்துவிடும்.

2. எவ்வளவு பெரிசா இருந்தால் அதைப் படுக்கையறை எண்டு சொல்லலாம்?

சொந்தக் குடும்பம் இருக்கும் பழைய வீட்டுக்குக் கட்டட விதிகளில் குறைந்தபட்ச அளவு என்று ஒன்றுமில்லை. ஆனால் புது வீடுகளுக்கான தேசிய இட அளவுகோல் நல்ல வழிகாட்டி. ஒருவர் அறைக்கு 7.5 சதுர மீட்டர், அகலம் 2.15 மீட்டர். இருவர் அறைக்கு 11.5 சதுர மீட்டர். வீட்டு நெருக்கடி பற்றிய 1985ஆம் ஆண்டுச் சட்டமோ 50 சதுர அடிக்கு, அதாவது சுமார் 4.65 சதுர மீட்டருக்கு, குறைந்த அறையைத் தூங்கும் அறையாகக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

தரையில் மறைப்பு டேப் ஒட்டிப் பாருங்கள். 90 செ.மீ. அகலம், 190 செ.மீ. நீளம் ஒற்றைக் கட்டில், 60 செ.மீ. ஆழம் அலமாரி, கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் நிற்க 70 செ.மீ.; 76 செ.மீ. கதவு உள்ளே திறக்கும் வளைவு. இவ்வளவும் முட்டாமல் அமைந்தால் அது அறை. கட்டில் மட்டும்தான் கொள்ளும் என்றால் மூன்று வருடத்தில் அது பெட்டி படுக்கை அடுக்கும் இடமாகிவிடும்.

3. எங்கட முன் அறைக்கு ரெண்டு ஜன்னல் இருக்கு. நடுவில ஒரு சுவர் வைச்சால் ரெண்டு அறை தானே?

அகலத்தை அளந்துவிட்டு முடிவெடுங்கள். வீட்டின் உள் அகலம் 4.4 மீட்டர் என்று வையுங்கள். தடுப்புச் சுவருக்கு 10 செ.மீ. போனால் ஆளுக்கு 2.15 மீட்டர். தாளில் சரியாக வரும். ஆனால் ஒரு பக்கப் பொதுச்சுவரில் புகைபோக்கி மார்பு 35 செ.மீ. துருத்திக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் அறை 1.8 மீட்டர்தான். கட்டிலை அதன் பக்கத்துக் குழிவில் நுழைக்க முடியுமா என்று பாருங்கள், முடிந்தால் பிரச்சினை இல்லை.

பலர் மறப்பது கதவை. மாடி லேண்டிங் (படி ஏறி வந்து நிற்கும் இடம்) ஒரு பக்கமாகத்தான் முன் அறையைத் தொடும். அந்தப் பக்கத்து அறைக்குக் கதவு ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த அறைக்குப் போக 85 செ.மீ. அகலத்தில் ஒரு நடை வேண்டும், அது இரண்டில் ஓர் அறையிலிருந்துதான் வெட்டப்பட வேண்டும். மாடிப்படி முன் அறைக்கும் பின் அறைக்கும் நடுவே குறுக்காக ஏறும் வீடுகளில் லேண்டிங்கின் முகப்பு நீளமாக இருக்கும். அங்கே இரண்டு கதவும் எளிதாக அமையும்.

ஒரே பெரிய ஜன்னல் இருந்தால் சுவரைக் கொண்டுபோய் அதன் நடுக்கம்பத்தில் முட்டவிடாதீர்கள். கண்ணாடியைத் தாண்டி ஒரு அறையின் பேச்சு முழுக்க மறு அறையில் கேட்கும். தெருவிலிருந்து பார்க்கவும் அசிங்கம்.

4. தடுப்புச் சுவர் வைச்சா பக்கத்து ரூம்ல இருமுறது கூட கேக்குமே?

சரியாகக் கட்டினால் கேட்காது. புது வீடுகளில் படுக்கையறைச் சுவருக்கு விதி கேட்பது 40 டெசிபல் தடுப்பு. அதையே இலக்காக வையுங்கள். 38×63 அல்லது 38×89 மி.மீ. மரச்சட்டத்தை 400 மி.மீ.க்கு ஒன்றாக நிறுத்தி, இரு பக்கமும் 12.5 மி.மீ. கனமான ஒலித்தடுப்பு பிளாஸ்டர்போர்டு அடித்து, உள்ளே கனிமக் கம்பளி நிரப்ப வேண்டும். 89 மி.மீ. சட்டம் போட்டால் சுவர் சுமார் 3 செ.மீ. தடிக்கும். அறை தாங்குமென்றால் அதையே எடுங்கள், சுவர் அதிராது.

சத்தம் கசிவது பெரும்பாலும் ஓரங்களில்தான். போர்டு தரையையும் கூரையையும் தொடும் இடமெல்லாம் ஒலித்தடுப்புப் பசை பூச வேண்டும். இரண்டு அறையின் பிளக் பெட்டிகளையும் முதுகோடு முதுகாக வைக்கக் கூடாது, நடுவில் ஒரு சட்டமாவது இருக்கட்டும். தரைப்பலகைக்கு அடியில் இருக்கும் வெற்றிடம் வழியாகவும் சத்தம் போகும். சுவர் நிற்கும் கோட்டில் பலகையைத் தூக்கி, ஜாய்ஸ்டுகளுக்கு (தரையைத் தாங்கும் மரங்களுக்கு) நடுவிலும் கம்பளி திணியுங்கள்.

புதுச்சுவர் ஜாய்ஸ்டுகளுக்குக் குறுக்காகப் போனால் பாரம் பலவற்றின் மேல் பிரியும். அவற்றுக்கு இணையாக, இரண்டின் நடுவில் போனால் வெறும் பலகை மேல் நிற்கும், ஒரு வருடத்தில் கதவு இறுகும். அப்படியான இடத்தில் ஜாய்ஸ்டை இரட்டிக்க வேண்டும், அல்லது இரண்டுக்கும் இடையே குறுக்குக் கட்டைகள் அடிக்க வேண்டும்.

5. சுவரைத் தட்டினா பொள்ளலா சத்தம் வருது. அப்போ சும்மா தடுப்புதானே, உடைச்சிடலாம்ல?

கூடாது. மாடியில் முன் அறைக்கும் பின் அறைக்கும் நடுவே உள்ள பழைய மரச்சட்டச் சுவர் பொள்ளலாகத்தான் ஒலிக்கும். ஆனால் விக்டோரியா காலத்து வீடுகளில் அதற்குள் சாய்வுக் கட்டைகள் இருக்கக்கூடும். அது கூரையைத் தாங்கும், சில வீடுகளில் தன் கீழே உள்ள தரையையும் தூக்கிப் பிடித்திருக்கும். அதில் கதவு வெட்ட ஒரு சாய்வுக் கட்டையை அறுத்தாலே போதும், கீழறைக் கூரையில் வெடிப்பு ஓடும்.

மூன்று இடத்தில் பார்க்கலாம். தரைப்பலகையில் ஆணி வரிசை எந்தத் திசையில் போகிறதோ அதுதான் ஜாய்ஸ்டின் திசை. ஜாய்ஸ்ட் முனைகள் அந்தச் சுவரில் உட்கார்ந்தால் அது சுமை தாங்குவது. கூரைக்குள் ஏறிப் பாருங்கள். கூரை ஓடுகளைத் தாங்கும் கிடைமரத்திலிருந்து முட்டுக்கட்டை இறங்கி அந்தச் சுவரில் நின்றால் அதுவும் அப்படியே. நேர் கீழே உள்ள சுவரை முந்தைய உரிமையாளர் எடுத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். சந்தேகம் வந்தால் கட்டமைப்புப் பொறியாளரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள். உத்திரம் போடுவதென்றால் பில்டிங் கன்ட்ரோல் (கட்டட விதிப்படி வேலை நடக்கிறதா என்று பார்ப்பவர்கள்) அந்தக் கணக்கைக் கேட்கும்.

6. பாத்ரூமை நடுவுக்கு கொண்டுவந்துட்டு பின் ரூமை பெட்ரூம் ஆக்கலாமா?

எங்கள் கணிப்பில் சின்ன டெரஸ் வீட்டுக்கு இதுதான் மிக நல்ல வழி. 1700×700 மி.மீ. தொட்டி, கழிப்பறை, கைகழுவும் தொட்டி மூன்றும் 1.7×2 மீட்டரில் அடங்கும். தொட்டியை விட்டு ஷவர் மட்டும் என்றால் இன்னும் சுருக்கலாம். அந்த இடம் பெரும்பாலும் லேண்டிங்கிலும் நடு அறையின் ஓரத்திலும் கிடைக்கும்.

ஜன்னல் இல்லாத குளியலறைக்கு விநாடிக்கு 15 லிட்டர் இழுக்கும் விசிறி வேண்டும், விளக்கை அணைத்த பிறகும் 15 நிமிடம் ஓட வேண்டும். கதவின் அடியில் முடிந்த தரைக்கு மேல் 10 மி.மீ. இடைவெளி விடுங்கள். காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் விசிறி சும்மா சுற்றும். குழாயைக் கூரைக்குள் திறந்து விட்டுவிடும் வேலைக்காரர்கள் உண்டு. குளிர்காலம் முழுதும் ஈரக்காற்று மரத்தில் படிந்து கறுப்புப் பூஞ்சை வரும். குழாய் கட்டாயம் வெளியே போய் முடிய வேண்டும். குளிர்ந்த கூரைக்குள் ஓடும் பகுதிக்குக் கம்பளி சுற்றி, வெளிப்பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் பொருத்துங்கள். இல்லாவிட்டால் உள்ளே ஈரம் குளிர்ந்து நீராகித் திரும்பி விசிறி மோட்டாரில் சொட்டும்.

புதுக் குளியலறை முழுதாக ஓடத் தொடங்கிய பிறகே பழையதைக் கழற்றச் சொல்லுங்கள். வீட்டில் இருந்துகொண்டே வேலை செய்யும் குடும்பத்துக்கு இந்த வரிசை மாறினால் பெரும் பாடு.

7. அப்ப கழிவுக்குழாய்? அதை நடுவில இருந்து பின்னுக்கு எப்பிடிக் கொண்டுபோறது?

திட்டத்தை வெல்வதும் தோற்பதும் இதில்தான். கழிப்பறைக் குழாய் 110 மி.மீ. தடிப்பு. ஒரு மீட்டருக்குக் குறைந்தது 18 மி.மீ. சாய்வு வேண்டும், பிரதான இறங்குகுழாய் வரை 6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது.

ஜாய்ஸ்டுக்கு உள்ள விதியைப் பாருங்கள். துளையின் விட்டம் மரத்தின் ஆழத்தில் கால் பங்கை மீறக் கூடாது. ஆழத்தின் நடுக்கோட்டில், முனையிலிருந்து நீளத்தின் 0.25 முதல் 0.4 பங்கு வரையான பகுதியில் மட்டும் போடலாம். பழைய வீட்டு ஜாய்ஸ்ட் 175 மி.மீ. ஆழம் என்றால் துளை 43 மி.மீ.க்கு மேல் ஆகாது. 110 மி.மீ. குழாய் குறுக்கே போக வாய்ப்பே இல்லை. ஷவரின் 40 மி.மீ. குழாய்க்கே வெளி விட்டம் 41 முதல் 43 மி.மீ. வரை இருக்கும், அதுவும் விளிம்பில்தான். ஆகவே ஜாய்ஸ்டுகளுக்கு இணையாக, இரண்டின் நடுவில் குழாய் ஓடும்படி கழிப்பறையை வையுங்கள். முடியாவிட்டால் தரைக்கு மேலே சுவரோரமாக ஓட்டிப் பெட்டி அடித்து மூடலாம். ஜாய்ஸ்டை அறுத்து வழி விட்ட வீடுகளில் கீழறைக் கூரை தொய்வதை நிறையப் பார்க்கலாம்.

அரைத்துத் தள்ளும் பம்புக் கழிப்பறை பற்றிக் கேட்பார்கள். வீட்டில் தானாக வடியும் கழிப்பறை ஒன்று வேறு இருந்தால்தான் விதி அதை அனுமதிக்கும். மின்சாரம் நின்றால் வேலை செய்யாது. இரவு இரண்டு மணிக்குப் பக்கத்து அறையில் தூங்குகிறவர் எழுந்துவிடுவார். வேறு வழி ஒன்றும் இல்லாதபோது மட்டும் வையுங்கள்.

8. நடு ரூமுக்குள்ள புகுந்துதான் பின் ரூமுக்குப் போகணும். அதை அப்படியே பெட்ரூம்னு வெச்சுக்கலாமா?

பழைய வீடுகளில் இந்த அமைப்பு உண்டு. தனிமை போவது ஒருபுறம். நடு அறையில் தீப்பிடித்தால் பின் அறையில் இருப்பவருக்குப் படிக்கு வழி இல்லை. 9ஆம் பதிலில் சொல்லும் ஜன்னலாவது கட்டாயம் இருக்க வேண்டும். நடு அறையிலிருந்து 85 செ.மீ. வெட்டி நடை அமைப்பதே சரி. நடை 3.5 மீட்டர் நீளம் என்றால், புதுச்சுவரின் தடிப்பையும் சேர்த்து நடு அறை ஏறத்தாழ 3.3 சதுர மீட்டரை இழக்கும். மிச்சம் 2ஆம் பதிலில் சொன்ன அளவுக்குக் கீழே போனால், நடுவில் குளியலறையை வைத்துப் பின்கட்டு ஜன்னலை மீட்கும் வழிக்கே திரும்புங்கள்.

9. எஸ்கேப் விண்டோ எண்டு பில்டிங் இன்ஸ்பெக்டர் சொன்னார். எங்கட ஜன்னல் திறக்கும், அது போதாதா?

திறந்தால் போதாது, ஆள் வெளியே வர வேண்டும். திறந்த வழியின் பரப்பு குறைந்தது 0.33 சதுர மீட்டர்; அகலமும் உயரமும் தனித்தனியே 450 மி.மீ.க்குக் குறையக் கூடாது. திறக்கும் பகுதியின் அடி தரையிலிருந்து 1100 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. 450×450 போதும் என்று நினைப்பது பொதுவான தவறு. பெருக்கினால் 0.2 தான் வரும். அகலம் 450 என்றால் உயரம் 735 மி.மீ. வேண்டும். சட்டகத்தை அளக்காதீர்கள், ஜன்னலை முழுதாகத் திறந்துவிட்டு இடையில் மிஞ்சும் வெளியை அளங்கள். மேல்பாதி மட்டும் சாய்ந்து திறக்கும் பிளாஸ்டிக் ஜன்னல்கள் இதில் தேறவே தேறாது. சாவி போட்டுப் பூட்டும் கைப்பிடியும் வேண்டாம்.

கூடவே ஒவ்வொரு மாடியின் நடையிலும் வீட்டு மின்சாரத்தில் ஓடும், ஒன்று அலறினால் எல்லாம் அலறும் புகை அலாரம் வையுங்கள். படுக்கையறைக் கதவிலிருந்து 7.5 மீட்டருக்குள் ஒன்று இருக்க வேண்டும். சமையலறைக்கும் படிக்கும் நடுவே கதவில்லாத வீட்டில் சமையலறையில் வெப்ப அலாரமும் வேண்டும். அங்கே புகை அலாரம் வைத்தால் தாளிக்கும்போதெல்லாம் அலறும், இரண்டாம் நாள் கழற்றி வைத்துவிடுவீர்கள்.

10. அம்மாவுக்கு மாடி ஏற முடியல. கீழ முன் ரூமையே அவங்க பெட்ரூமா மாத்த பெர்மிஷன் வேணுமா?

திட்ட அனுமதி (பிளானிங் பெர்மிஷன்) வேண்டாம். முன் அறைக்கும் நடு அறைக்கும் இடையே முன்பு உடைத்துத் திறந்திருந்தால் 4ஆம் பதிலில் சொன்னபடி அடைத்து, கூடத்திலிருந்து நேராக ஒரு கதவு கொடுங்கள். பக்கத்தில் கழிப்பறை வேண்டும்; படிக்கட்டின் கீழே 80 செ.மீ. அகலமும் 1.4 மீட்டர் நீளமும் இருந்தால் கழிப்பறையும் சின்னக் கைகழுவும் தொட்டியும் அமையும். கதவை வெளிப்பக்கம் திறக்க வையுங்கள். உள்ளே விழுந்துவிட்டால் உதவிக்குப் போகிறவர் நுழைய வேண்டுமே.

பழைய கேஸ் கணப்பு அந்த அறையில் இருந்தால் அதுதான் முதல் கவலை. தூங்கும் அறையில் 14 கிலோவாட்டுக்கு மேற்பட்ட கேஸ் கருவி அறைக்காற்றை எடுக்காத மூடிய வகையாக மட்டுமே இருக்கலாம். அதற்குக் குறைந்தது என்றாலும் தானாக அணையும் பாதுகாப்பு இருக்க வேண்டும். கணப்புக்குப் பின்னால் பழைய பாய்லர் ஒளிந்திருப்பதும் உண்டு. கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்பவர்களுக்கான பதிவேடு) பதிவுள்ளவரிடம் காட்டிவிட்டுத்தான் கட்டிலை உள்ளே போடுங்கள்.

11. இவ்வளவு சிரமத்துக்கு கூரைக்குள்ள ஒரு ரூம் போட்டா முடிஞ்சுது இல்லையா?

கூரைக்குள் போய், ஜாய்ஸ்டின் மேல்மட்டத்திலிருந்து உச்சிமரத்தின் அடிவரை அளங்கள். 2.2 மீட்டருக்குக் குறைந்தால் தரையும் வெப்பக் காப்பும் போட்ட பிறகு தலை முட்டும். அளவு சரியானால் அடுத்தது படி. சாய்வு 42 பாகைக்கு மேல் கூடாது. படியின் மேல் தலையிடம் 2 மீட்டர், கூரை சரியும் இடத்தில் நடுவில் 1.9 மீட்டர் வரை விடுவார்கள். அந்தப் படி இறங்கும் இடம் மாடியில் ஏற்கெனவே உள்ள ஓர் அறையைக் கடிக்கும். மேலே ஒன்று கிடைத்து நடுவில் ஒன்று உதவாமல் போனால் கணக்கு பூஜ்யம். ஏற்கெனவே உள்ள படிக்கு நேர் மேலே புதுப் படி ஏறும் வீடுகளில்தான் லாபம்.

புதுத் தரை நிலத்திலிருந்து 4.5 மீட்டருக்கு மேலே வருவதால் 9ஆம் பதிலின் ஜன்னல் இங்கே உதவாது. மேலறையிலிருந்து தெருக்கதவு வரை படி முழுதும் 30 நிமிடம் தீ தாங்கும் சுவருக்குள் இருக்க வேண்டும், அதில் திறக்கும் அறைக் கதவுகள் தீ தாங்கும் கதவுகளாக மாற வேண்டும். படி நேராக வரவேற்பறைக்குள் இறங்கும் வீட்டில் இது பெரிய வேலை. அனுமதியைப் பொறுத்தவரை டெரஸ் வீட்டில் 40 கன மீட்டர் வரை கூரையைப் பெருக்கத் தனித் திட்ட அனுமதி தேவையில்லை. ஆனால் தெருப்பக்கச் சரிவுக்கு முன்னே நீட்டக் கூடாது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கும் ஃபிளாட்டுகளுக்கும் இந்தச் சலுகை கிடையாது.

12. வீட்டுக்குள்ள செய்யிற வேலைக்கும் கவுன்சிலுக்குச் சொல்ல வேணுமோ?

திட்ட அனுமதியும் பில்டிங் கன்ட்ரோலும் வேறு வேறு. உள்வேலைக்குத் திட்ட அனுமதி வேண்டாம். பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உள்ள வீடென்றால் மட்டும் உள்ளே ஆணி அடிக்கும் முன்பே கேட்க வேண்டும். பில்டிங் கன்ட்ரோலுக்கோ, சுமை தாங்கும் சுவரைத் தொட்டாலும், புதுக் குளியலறைக்குக் கழிவுக்குழாய் போட்டாலும், தீயில் வெளியேறும் வழி மாறினாலும் சொல்லியாக வேண்டும். புது மின் சுற்றும் அதில் சேரும். முழு வரைபடம் கொடுத்து முன்கூட்டியே ஒப்புதல் வாங்கும் வழியையே எடுங்கள். வெறும் நோட்டீஸ் கொடுத்துத் தொடங்கினால், பிழை இருப்பது சுவர் எழும்பிய பிறகுதான் தெரியவரும்.

13. பக்கத்து வீட்டுக்காரர் பேசவே மாட்டார். பொதுச்சுவரில கை வைக்கலாமா?

தடுப்புச் சுவரைத் திருகாணி போட்டு மாட்டுவது, பூச்சைப் புதுப்பிப்பது போன்றவற்றுக்கு நோட்டீஸ் வேண்டாம். உத்திரத்தின் முனையைப் பொதுச்சுவருக்குள் செருகுவது, புகைபோக்கி மார்பை வெட்டுவது இரண்டும் 1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டத்துக்குள் வரும். இரண்டு மாதத்துக்கு முன் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 14 நாளில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று அர்த்தமில்லை, மறுப்பு என்றே கொள்ளப்படும். பிறகு சர்வேயர் வைத்துத் தீர்க்க வேண்டும், அந்தச் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான். ஒரு நாள் கதவைத் தட்டி, வரைபடத்தைக் காட்டிப் பேசிவிட்டுக் கடிதத்தைக் கையில் கொடுங்கள்.

14. புகைபோக்கி மார்பை எடுத்தா 3ல சொன்ன 35 செ.மீ. கிடைக்குமே?

கிடைக்கும். ஆனால் மேலே கூரைக்குள்ளும் கூரைக்கு வெளியேயும் நிற்கும் செங்கல் பாரம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பொறியாளர் கணக்குப்படி எஃகு உத்திரத்தில் தாங்கிய பிறகே கீழே உடைக்கலாம். கீழறையில் கேஸ் கணப்போ பாய்லரோ அந்தப் புகைவழியைப் பயன்படுத்தினால் தொடவே முடியாது. ஒரு கட்டிலுக்கு இடம் பண்ண மட்டும் என்றால் இவ்வளவு செலவுக்கு ஏற்றதல்ல. குழிவில் அலமாரியைக் கட்டிவிட்டுக் கட்டிலை எதிர்ச்சுவருக்குத் தள்ளுங்கள்.

15. சுரண்டி உடைக்கிற வேலையை நாங்களே செய்தால் காசு மிச்சம் தானே?

கூரையில் சுழிசுழியாகப் பூசிய ஆர்டெக்ஸ், பழைய தரை ஓடு, குழாய்ப் பெட்டிகளின் பலகை ஆகியவற்றில் கல்நார் இருக்கலாம். பிரிட்டனில் அது முழுதாகத் தடைசெய்யப்பட்டது 1999இல்தான். சுரண்டும் முன் சிறு துண்டை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். பழைய கதவு நிலைகளின் அடிப்பூச்சில் ஈயம் இருக்கும்; உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. பிள்ளைகள் உள்ள வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

16. புது ரூமை வாடகைக்கு விடலாமா?

நீங்கள் அதே வீட்டில் இருந்தபடி, தளபாடத்தோடு அறையை விட்டால் வருடத்துக்கு 7,500 பவுண்டு வரை வாடகைக்கு வரியில்லை. அடமானக் கடன் கொடுத்தவருக்கும் காப்புறுதிக்காரருக்கும் முதலில் சொல்லிவிடுங்கள். வீடு முழுவதையும் தனித்தனி ஆட்களுக்கு விட்டு, ஐந்து பேராகிவிட்டால் உரிமம் வேண்டும். அப்போது ஒரு பெரியவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. 1.5 மீட்டருக்குத் தாழ்ந்த கூரையின் கீழுள்ள தரை அந்தக் கணக்கில் சேராது.

17. அஞ்சு வருஷத்துக்கு முன்ன சர்டிபிகேட் இல்லாம எல்லாம் பண்ணிட்டோம். இப்போ வீட்டை விக்கப் போறோம், என்ன செய்றது?

வாங்குகிறவரின் வழக்கறிஞர் முடிவுச் சான்றிதழைக் கேட்பார். 1985 நவம்பர் 11க்குப் பிறகு செய்த வேலைக்குக் கவுன்சிலிடம் பின்தேதி ஒழுங்குபடுத்தல் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அவர்கள் வந்து உத்திரத்தின் முனையை, ஜாய்ஸ்டை, கழிவுக்குழாயைப் பார்க்கச் சில இடத்தில் பூச்சைத் திறக்கச் சொல்வார்கள். குறை இருந்தால் திருத்த வேண்டும். வேலை நடந்தபோது எடுத்த படங்களும் பொறியாளர் கணக்கும் கையில் இருந்தால் திறக்க வேண்டிய இடம் குறையும்.

இதற்குப் பதிலாக ஒரு காப்பீடு வாங்கிவிடலாம் என்று ஏஜென்ட் சொல்வார். கவுன்சிலோடு பேசிவிட்டால் பிறகு அந்தக் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது. ஆகவே எந்த வழி என்று வழக்கறிஞரோடு முடிவெடுத்த பிறகே கவுன்சிலுக்குப் போன் செய்யுங்கள். அந்தக் காப்பீடு, வீட்டை வாங்குகிறவரின் பணத்தைத்தான் காக்கும், அறுத்த ஜாய்ஸ்டைத் தாங்காது. குழாய் எப்படிப் போனது என்று உங்களுக்கே சந்தேகம் இருந்தால் முதலில் தரைப்பலகை இரண்டைத் தூக்கிப் பாருங்கள்.

18. ரூம் கூடினா கவுன்சில் டாக்ஸ் ஏறுமா?

பெருக்கிக் கட்டியதற்காக நீங்கள் அங்கே இருக்கும்வரை வீட்டின் வரிப்பிரிவை உயர்த்துவதில்லை. வீடு விற்கப்பட்ட பிறகே திரும்ப மதிப்பிடுவார்கள். சுவரைத் தள்ளாமல் உள்ளேயே அறைகளை மாற்றியதென்றால் அப்போதும் பிரிவு மாறாமல் போகலாம்.